கடைசி எட்டுச் செக்கனுக்குள்ள அடங்காத நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பட்ச் செய்த "சோளகத்திட்ட சொல்லு" பாட்டு வீடியோவப் பாத்தாக்களுக்குத் தெரியும், கடைசில பெயர் ஓடுற இடம் வெறும் 8 செக்கன் தான். பாட்டு 4 நிமிசம் 10 செக்கன், அதுக்கு மேல இழுக்கேலாது எண்டு அசைன்மென்டிலயே இருந்தது, அதால எங்கட ஒன்பது பேரிட பெயரையும் போட்டிட்டு கீழ "உதவிய அனைவருக்கும் நன்றி" எண்டு ஒரு வரியோட முடிச்சிட்டம். அந்த ஒரு வரிய டைப் பண்ணேக்கயே எனக்கு மனசு சரியில்ல. அனைவரும் எண்டா ஆர், என்ன செய்தவை எண்டு பாக்கிறவைக்கு எப்பிடித் தெரியும்? அதான் இத எழுதுறன். கனபேர் பெயர் போடவேண்டாம் பிள்ளை எண்டு சொன்னபடியா முறை சொல்லித்தான் எழுதுறன், ஆனா அவையவைக்குத் தங்களத் தான் சொல்லுறன் எண்டு விளங்கும்.

முதல்ல எங்கட மேடம். ஒரு பாட்டு வீடியோ, அதோட ஒரு சீடி அட்டை, ஒரு போஸ்டர், மூண்டும் வேணும் எண்டு சொன்னவா. இப்ப ஆர் மேடம் சீடி வாங்குகினம் எண்டு நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள். அவா சொன்னா, சீடி விக்கிறதுக்கில்ல, போஸ்டரச் சந்தியில பாத்த ஒருத்தர் பிறகு போனில வீடியோவக் கண்டா "அட இது அதெல்லோ" எண்டு ஒரே பார்வையில பிடிக்கவேணும், நிறம், எழுத்து, முகம் மூண்டும் ஒரே குடும்பமா இருக்கவேணும், அதப் பழகத்தான் எண்டு. அண்டைக்கு அது பெரிசா விளங்கேல்ல. போஸ்டர் ஒட்டின பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்ட ஒரு தம்பி அதப் பாத்திட்டு உடன போனில வீடியோவத் தேடி எடுத்தத நான் பக்கத்தில நிண்டு பாத்தனான், அப்ப தான் விளங்கினது. நன்றி மேடம். சினிமாப் பாட்டு எடுத்தா கொப்பிரைட்டில வீடியோவே முடங்கிப்போகும், சொந்தப் பாட்டாச் செய்யுங்கோ எண்டு பிடிவாதமா நிண்டதுக்கும் சேத்து.

பாட்டெழுதினது எங்கட பட்ச் பெடியன் தான், ஊர்காவற்றுறைக்காரன். சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்களில கடலுக்குப் போன தேப்பனப் பாத்துக்கொண்டு நிக்கிற ஒரு பிள்ளையிட பாட்டு. அதுக்குத் தவில் வேணும் எண்டு முடிவெடுத்த உடன இணுவிலுக்குத் தான் போனம், வேற எங்க போறது. தவில் ஐயா வீட்டு விறாந்தையில தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களிட பழைய படம் ஒண்டு மாலையோட மாட்டியிருக்கு. 1975ல செத்துப்போன ஒரு மனிசனப் பற்றி நேற்றுப் பாத்தவர் மாதிரி ஐயா கதைச்சுக்கொண்டிருந்தவர், நாங்கள் கேக்க வந்தத மறந்துபோய் ஒண்டரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டு இருந்திட்டம்.

றெக்கோடிங் கோண்டாவில்ல ஒரு அண்ணாவிட வீட்டு அறையில. தவில் அந்தச் சின்ன அறைக்குள்ள அடிக்கிற வாத்தியமே இல்ல, முதல் அடியிலயே மீற்றர் சிவப்புக்குப் போட்டுது. அண்ணா மைக்கைத் தள்ளித் தள்ளி கடைசியா கதவுக்கு வெளியில விறாந்தை வரைக்கும் கொண்டுபோய், சுவருக்கு ரெண்டு மெத்தைய நிமித்தி வச்சு, தவிலிட ரெண்டு பக்கத்துக்கும், தொப்பிக்கு ஒண்டும் வலந்தலைக்கு ஒண்டும் எண்டு ரெண்டு மைக் வச்சவர். ஐயாவுக்கு ஹெட்போனில டிக் டிக் எண்டு கேட்டுக்கொண்டு வாசிக்கிறது பிடிக்கேல்ல, இது மனிசன் போடுற தாளமில்லைத் தம்பி எண்டு கழட்டி வச்சிட்டார். பிறகு எங்கட பாட்டுக்காரி ஹெட்போனப் போட்டுக்கொண்டு ஐயாவுக்கு முன்னால சம்மணம் போட்டிருந்து கையால தாளம் போட, அவர் அவளிட கையப் பாத்துக்கொண்டே வாசிச்சார். ரெண்டாவது சரணத்தில நாலு அடிக்கு ஒண்டும் வாசிக்காம விட்டார். நாங்கள் பிழைச்சுப்போச்சாக்கும் எண்டு பாக்க, "அந்த இடத்தில கடல் கேக்கட்டும்" எண்டவர். வீடியோவில பிள்ளை திரும்பிக் கடலப் பாக்கிற இடம் அது தான். ஸ்டோரிபோர்டில அப்பிடி ஒரு ஷொட்டே இருக்கேல்ல, ஐயா விட்ட அந்த மௌனத்துக்காகத் தான் பிறகு போய் எடுத்தனாங்கள். காசு எவ்வளவு ஐயா எண்டு கேட்டதுக்கு, படிச்சு முடிச்சு உழைக்கேக்க தாங்கோ எண்டவர். றெக்கோடிங் அண்ணாவும் கரண்ட் பில்லுக்கு மட்டும் தான் வாங்கினவர்.

இனி ஆச்சி. நடுவில முற்றம் வச்ச நாற்சார் வீடு ஒண்டு தேடி அலைஞ்சதச் சொன்னா நாள் போகும். இருந்ததில முக்கால்வாசி இடிச்சு மாடிவீடாப் போச்சு, இல்லாட்டி ஆக்கள் வெளிநாட்டில, திறப்பு ஆரிட்டயோ. ஆச்சி தனிய இருக்கிறவா, பேத்தி எங்கட ஜூனியர். போன அண்டு மத்தியானம், முற்றத்தில வெயில் நேர மேல இருந்து விழுந்து பிள்ளையிட கண்ணுக்குக் கீழ கறுப்பா நிழல் அடிக்குது, முகமே வடிவா விழேல்ல. பின்னேரம் நாலு மணி மட்டும் பொறுத்தா வெளிச்சம் சரிஞ்சு மெதுவா வரும், ஆனா கமரா ஐஞ்சு மணிக்குத் திருப்பிக் குடுக்கவேணும். மேல வெள்ளைத்துணி கட்டினா வெளிச்சம் பரவும் எண்டு கமராப் பெடியன் சொல்ல, ஆச்சி ஒண்டும் கதைக்காம உள்ள போய் பெட்டகத்தத் திறந்து ஒரு எட்டு முழ வேட்டி கொண்டுவந்தவா. பூச்சி உருண்டை வாசம். மடிப்பில மஞ்சள் படிஞ்சு இருந்தது. அது தாத்தாவிட வேட்டி எண்டு பேத்தி பிறகு தான் காதுக்குள்ள சொன்னவள், அவர் செத்து பதினொரு வருசமாம். கையில வாங்கின எனக்குக் கை நடுங்கிப்போச்சு. ஆச்சி, வேண்டாம் ஆச்சி எண்டன். "பெட்டிக்குள்ள கிடந்து என்னத்தக் கண்டுது, கட்டு பிள்ளை" எண்டவா. நாலு தூணிலயும் கயிறு போட்டுக் கட்டினம். அந்த வேட்டிக்குள்ளால வந்த வெளிச்சம் தான் நீங்கள் வீடியோவில பாக்கிற வெளிச்சம். லைட் ஒண்டும் வாடகைக்கு எடுக்கேல்ல, எத்தினையோ பேர் என்ன லைட் பாவிச்சனீங்கள் எண்டு கேட்டவை, அவை எல்லாருக்கும் இது தான் பதில். தோய்ச்சுத் தாறம் எண்டும் குடுக்கேல்ல ஆச்சி, தானே நீலம் போட்டுத் தோய்ச்சு திருப்பி வச்சிட்டா.

பாதைக்கு வாறன். வெளியூராக்களுக்குச் சொல்லவேணும், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில மோட்டச்சைக்கிளையும் ஆக்களையும் ஏத்திக்கொண்டு போற மிதவையத்தான் நாங்கள் பாதை எண்டு சொல்லுறது. அக்கரைக்குப் போகச் சில நிமிசம் தான் எடுக்கும். அதுக்குள்ள கடற்கோட்டையும் தெரியவேணும், பிள்ளை பாடவும் வேணும், அதும் ஸ்லோமோசனில. எப்பிடிச் செய்யிறதெண்டா செக்கனுக்கு 50 பிரேமில எடுத்து பிறகு 25ல ஓடவிட்டா எல்லாம் பாதி வேகத்தில போகும், ஆனா வாயசைவு பாட்டோட பொருந்தவேணுமெண்டா எடுக்கேக்க பாட்ட ரெண்டு மடங்கு வேகத்தில போட்டு அதே வேகத்தில பாடவேணும். அந்தக் கீச்சுக் குரலோட, பிள்ளையா நடிச்ச எங்கட பாட்டுக்காரி ஒரு கிழமை தன்ர அறைக்குள்ள பழகினவள். சோளகக் காத்தில போனில போட்ட பாட்டு ஒரு முழத்துக்குக் கேக்கேல்ல. கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுற ஐயா, ஆடி ஆவணி எண்டா அவருக்கு ஒரு நாள் ஓய்வில்ல, அப்பிடியும் பற்றறில வேலை செய்யிற சவுண்ட்பொக்ஸ் ஒண்ட விடியப்புறம் தானே மோட்டச்சைக்கிளில கொண்டுவந்து தந்திட்டு திருவிழாவுக்கு ஓடினவர்.

ஏழு தரம் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தம். பாதை ஓட்டுற அண்ணா ஒருக்கா எண்டாலும் முகம் சுழிக்கேல்ல. மூண்டாம் நடையில தானே முன்னுக்கு நிண்ட மோட்டச்சைக்கிளெல்லாத்தையும் பின்னுக்கு விடச்சொல்லி, மீன் கூடையோட வந்த அம்மாமாரிட்ட "பிள்ளையள் படிப்புக்கு எடுக்குதுகள், ஒருக்காக் குனியுங்கோ" எண்டு சொல்ல, அவையளும் கூடைய மடியில வச்சுக்கொண்டு குனிஞ்சிருந்தவை. அலை கூடேக்க எங்கட கமராப் பெடியனிட பெல்ட்டப் பிடிச்சுக்கொண்டு நிண்டது முன்பின் தெரியாத ஒரு ஐயா, வேலைக்குப் போற வழியில. இறங்கேக்க பெயர் கேட்கவும் மறந்துபோனம். ஐயா, இது உங்கட கண்ணில படவேணும்.

கரையோரத்தில கமராவோட நிண்டா கேள்வி வரும் எண்டு தெரியும் தானே. அனுமதிக் கடிதத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலு நாள் அலைஞ்சம், ஒவ்வொரு நாளும் வேற ஒரு மேசை, நாளைக்கு வாங்கோ எண்டு தான் சொல்லிச்சினம். அந்த நாலு நாளில கமராவுக்குக் கட்டின காசும் போச்சு. கடைசில எங்களக் கூட்டிக்கொண்டு போய்ச் சேரவேண்டிய ஆக்களோட கதைச்சு, கடிதமும் எழுதித் தந்தது அந்த இடத்து விதானையார் (கிராம சேவகர்) தான். லீவு நாளில, வீட்டுச் சாரத்தோட வந்து கேற்றில நிண்டு கேட்டவர். அதே மாதிரி சாறி தந்த குஞ்சியம்மா, விடிய நாலு மணிக்கு எழும்பி ஒன்பது பேருக்கும் இடியப்பம் அவிச்சுத் தந்த அம்மா, ஓட்டோக் காசு வாங்காத மாமா, உங்களையும் மறக்கேல்ல.

அச்சகத்து அண்ணாவப் பற்றி எழுதாம முடிக்கேலாது. போஸ்டர் டிசைன் பண்ணினது நான். லப்டொப்பில வடிவா இருந்தது, பிரிண்டுக்குக் குடுக்க முதல் அண்ணா தன்ர கொம்பியூட்டரில திறந்தார், "சோளகத்திட்ட சொல்லு"வில "சோ"வும் "சொ"வும் உடைஞ்சு கொம்பு ஒரு பக்கம் அரவு ஒரு பக்கம் தனித்தனியா நிக்குது. யுனிகோட் எழுத்து அவரிட பழைய மென்பொருளில சேராதாம். எனக்கு அழுகை வந்திட்டுது, அடுத்த நாள் காலமை ஒப்படைக்கவேணும். அவர் கதிரைய இழுத்துப் போட்டு பாமினி எண்ட பழைய எழுத்துருவில தலைப்பத் திருப்ப அடிச்சார், அடிச்சிட்டு எழுத்த எல்லாம் படம் மாதிரி வடிவமா மாத்தி வைச்சார், இனி எந்த மெசினில திறந்தாலும் உடையாது பிள்ளை எண்டு. பேந்து நிறம். என்ர கடல் நீலம் திரையில பளிச்செண்டு இருந்தது, கடதாசியில சாம்பலாத் தான் வரும் எண்டு ஒரு ஏ4ல அடிச்சுக் காட்டி, பக்கத்தில என்னை இருத்தி வச்சு, மையுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, நாலாவது தாளில தான் சரி எண்டார். அந்த நாலு தாளுக்கும் காசெடுக்கேல்ல. சுத்திவர படத்த 3 மில்லிமீற்றர் கூடுதலா விடாட்டி வெட்டேக்க வெள்ளைக்கோடு தெரியும் எண்டதும் அண்டைக்குத் தான் படிச்சனான். கடை பூட்டேக்க இரவு பத்தரை. அவரிட மகள் ரெண்டுதரம் கோல் எடுத்தவள், சாப்பிட வாங்கோ அப்பா எண்டு.

போன ஞாயிறு ஆச்சி வீட்டுக்குப் பக்கத்துச் சனசமூக நிலையத்தில புறொஜெக்ரர் வச்சுப் போட்டம். கதிரை காணாம ஆக்கள் சைக்கிளில இருந்து பாத்தவை. தவில் ஐயா வந்தவர், ஆச்சி முன்வரிசையில, அச்சகத்து அண்ணா மகளோட. அந்த மௌனம் வந்த இடத்தில ஒருத்தரும் மூச்சுக்கூட விடேல்ல, ஐயா மட்டும் தொடையில விரலால அந்த நாலு அடியையும் எண்ணிக்கொண்டிருந்தவர்.

பாதை அண்ணாவால மட்டும் வரேலாமப் போச்சு, அண்டைக்கு அவருக்கு டியூட்டி. அண்ணா, வாற சனிக்கிழமை ஊர்காவற்றுறையிலயே திருப்பிப் போடுறம், புறொஜெக்ரருக்கும் சொல்லியாச்சு, லவுட்ஸ்பீக்கர் ஐயாவும் வாறன் எண்டவர். அண்டைக்குக் குனிஞ்சிருந்த அம்மாமாருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. கடைசி நடைய முடிச்சுக் கட்டிப்போட்டு ஆறுதலா வாங்கோ, நீங்கள் வந்து இருந்த பிறகு தான் தொடங்குவம்.