பிளாஸ்டிக் ரெயிலில் பூட்டிய கேரியர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

ஈரோடு,
02.06.2025

அனுப்புநர்:
பில்லில் உள்ள பெயர், முகவரி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 03.05.2025 அன்று என் காரில் பூட்டிய மேல் கேரியர் கொல்லிமலைப் பாதையில் பெயர்ந்தது. பணமும் சேதத்துக்கான செலவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஏப்ரல் 28 அன்று உங்கள் இணையதளத்தில் இரண்டு குறுக்குக் கம்பிகளும் ஒரு கூடையும் கொண்ட மேல் கேரியருக்கு ஆர்டர் போட்டேன். பொருளுக்கு ரூ.11,800, வீட்டுக்கு வந்து பூட்டித்தர ரூ.1,500, ஆக ரூ.13,300 அன்றே கட்டினேன். இதே விஷயமாக உங்களுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு பதில். இந்த முறை பொறுப்பில் உள்ள ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும் என்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எங்களுடையது ஏழு சீட் வண்டி. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்பா அம்மாவும் ஏறிவிட்டால் கடைசி சீட்டை மடக்க வழியில்லை. அதற்குப் பின்னால் உள்ள டிக்கியில் ஒரு குக்கரும் இரண்டு துணிப்பையும் வைத்தாலே கதவு மூடாது. பிள்ளைகள் இரண்டு வருடமாகக் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு இரவு தங்குவதாக முடிவு செய்தோம். அதற்காகத்தான் கேரியர்.

ஆர்டர் போடும்போது உங்கள் பக்கத்தில் வண்டியின் பெயர், தயாரித்த ஆண்டு, மாடல் மூன்றையும் கேட்டீர்கள். அடுத்து, ‘ரூஃப் ரெயில் உண்டா, இல்லையா’ என்று ஒரு கேள்வி. என் வண்டியின் கூரையில் இருபுறமும் நீளவாக்கில் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை இருக்கிறது, அதுதான் ரெயில். ‘உண்டு’ என்று அழுத்தினேன். ‘உங்கள் வண்டிக்குப் பொருந்தும்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்தத் திரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

மே 3ஆம் தேதி காலை உங்கள் ஆள் வந்தார். தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ரெயிலைப் பார்த்துவிட்டு, “ரெயில் இருக்கற வண்டிதானுங்க சார், அரை மணி நேர வேலைங்க” என்றார். ஒரு எல்-கீயை வைத்துக் கம்பிகளை ரெயிலோடு பிடிக்கும் நான்கு கால்களையும் கை பலத்திலேயே முறுக்கினார். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அவரிடம் இல்லை. வேலை முடிந்ததும் பெட்டியையும் அதற்குள் இருந்த குறிப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 9 இரவு, மேலே ஏற்றப்போகிற எல்லாவற்றையும் என் உடன்பிறந்த தம்பியின் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். கூடாரப் பை 9 கிலோ, தூங்கு பைகளும் பாய்களும் 11 கிலோ, மடக்கு நாற்காலிகள் 8 கிலோ, தார்ப்பாயும் கயிறும் 6 கிலோ, மொத்தம் 34. உங்கள் இணையதளக் கணக்குப்படி கேரியரே 16 கிலோ. ஆக, கூரைமேல் 50 கிலோ. நீங்கள் போட்டிருக்கும் உச்ச அளவு 75. கனமானதை நடுவில் அடியில் வைத்து, மெத்தென்று இருப்பதை மேலே வைத்து, பட்டைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். ‘ஓவர்லோடு’ என்று உங்கள் முதல் பதிலில் எழுதியிருந்ததால்தான் இத்தனை விவரமாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். திருச்செங்கோடு தாண்டியதும் மேலே விர்ரென்று ஒரு சத்தம். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். முன்கம்பி லேசாக ஆடியது. கையில் இருந்த கீயால் இறுக்கினேன், சத்தம் நின்றது. நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரை தொந்தரவு இல்லை. காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினோம்.

அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மேலே உள்ள பாரம் வெளிப்பக்கம் தள்ளும், உடனே அடுத்த வளைவில் மறுபக்கம் தள்ளும். வண்டி இரண்டாவது கியரில்தான் ஏறிக்கொண்டிருந்தது. 23ஆவது வளைவில் பின்னால் பைக்கில் வந்தவர் விடாமல் ஹாரன் அடித்தார். “ஏனுங்க, மேல மூட்டை சரியுதுங்க!” என்று அவர் கத்துவதும் கூடாரப் பை பின்கண்ணாடியில் மோதி ரோட்டில் விழுவதும் ஒன்றாக நடந்தது. அவர் பிரேக் பிடித்ததில் பைக் ஒரு பக்கம் சாய்ந்து, காலை ஊன்றி நின்றார். டேங்க் மேல் நான்கு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. பை அவர்கள் சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் கிடந்தது.

நான் இறங்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒரு முழத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் இந்தக் கடிதம் எழுத முதல் காரணம் அதுதான், பணம் அதற்குப் பிறகுதான்.

வண்டியின் கூரையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உங்கள் கம்பியின் கால் ரெயிலை விடவே இல்லை. ரெயில்தான் கூரையை விட்டு எழும்பியிருந்தது. இடதுபக்கம் பின்பாதி முழுவதும் நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் புளியங்கொட்டை அளவு வெள்ளை பிளாஸ்டிக் கிளிப்புகள், அவற்றில் இரண்டு உடைந்திருந்தன. விரலால் தட்டினால் ரெயில் வெற்றுக் கூடுபோல ஒலித்தது. உள்ளே இரும்பும் இல்லை, கூரைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டும் இல்லை. அது அழகுக்காக வைத்த ரெயில்.

வண்டியின் கையேட்டில் அது தெளிவாகவே போட்டிருக்கிறது: ரெயில் தோற்றத்துக்கு மட்டும், அதில் பாரம் கட்டக் கூடாது. அதை நானும் முன்பே படித்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நான் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். கேரியர் பூட்டுவது உங்கள் தொழில். பாரம் தாங்கும் ரெயில் உலோகத்தால் ஆனது, போல்ட் போட்டுக் கூரைச் சட்டத்தோடு இறுக்கியது. அழகு ரெயில் கிளிப்பில் நிற்பது. தட்டிப் பார்த்தாலே ஒரு பட்டறைப் பையன் சொல்லிவிடுவான் என்று எங்கள் டிங்கர் மாஸ்டர் சொன்னார். இப்படிப்பட்ட வண்டிகளுக்குக் கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கொக்கிபோலப் பிடித்துக்கொள்ளும் கால்கள் தனியாக உண்டு என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நீங்களே அதை விற்கிறீர்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் குறிப்புத் தாளை இணையத்திலிருந்து இறக்கிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: அலங்கார ரெயில்களில் பூட்டக் கூடாது, திருகுகளை 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும், முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆகவே உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை அச்சடித்தும் வைத்திருக்கிறீர்கள். ஆர்டர் பக்கத்தில் ரெயில் பாரம் தாங்குமா, அழகுக்கு மட்டுமா என்று கேட்கவில்லை, பூட்ட வருகிற ஆளுக்குச் சொல்லித் தரவில்லை, தாளை என் கையில் கொடுக்கவும் இல்லை. வழியில் நான் கீயால் இறுக்கியது சரியா தவறா என்பதுகூட எனக்குத் தெரியாமல் போனது.

அன்று சாமான்களைப் பிள்ளைகள் மடியிலும் கால் மாட்டிலும் அடுக்கிக்கொண்டு மலை ஏறினோம். இரவு மழை பிடித்தது. கிளிப் பெயர்ந்த துளை வழியாகத் தண்ணீர் இறங்கி ரூஃப் லைனிங்கில் முறம் அளவுக்குக் கறை படிந்துவிட்டது. ஒரே இரவில் திரும்பிவிட்டோம். ரெயில் மாற்ற, துளையை அடைத்துப் பெயின்ட் அடிக்க, லைனிங் மாற்றப் பட்டறையில் ரூ.14,500 மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள்.

மே 12 அன்று முதல் மின்னஞ்சல் அனுப்பினேன். அதிக பாரம் என்றீர்கள். எடைக் கணக்கை அனுப்பியதும், மே 19 அன்று, அதிக வேகம் என்றீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஏற்றத்தில் என்ன வேகம் போக முடியும்? மே 27 அன்று, பொருளில் குறையில்லை, காரின் ரெயிலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லி, அடுத்த ஆர்டருக்குப் பாதி விலைக் கூப்பன் அனுப்பினீர்கள். அந்தக் கூப்பன் எனக்கு வேண்டாம்.

பொருளில் குறையில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கம்பி வளையவில்லை, கூடை உடையவில்லை. தவறான இடத்தில் பூட்டியதுதான் குறை. பூட்டித்தரத் தனியாக ரூ.1,500 வாங்கியது நீங்கள்.

எனவே கேரியரைத் திரும்ப எடுத்துக்கொண்டு ரூ.13,300, பட்டறைச் செலவு ரூ.14,500, ஆக ரூ.27,800 தர வேண்டுகிறேன். மன உளைச்சலுக்கென்று நான் எதுவும் கேட்கவில்லை.

அதைவிட முக்கியமாக, என் மாடல் வண்டிக்கு இதுவரை யார் யாருக்கு இதே கேரியரைப் பூட்டினீர்களோ அவர்கள் எல்லோரையும் போனில் கூப்பிட்டு, பாரம் ஏற்ற வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். எண்கள் உங்களிடம் இருக்கின்றன. விடுமுறை முடியும் நேரம், இந்த வாரமே யாராவது ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஆர்டர் பக்கத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டுக்கும் நடுவில் ‘அழகுக்கு மட்டும்’ என்று மூன்றாவதாக ஒரு பொத்தானை வையுங்கள். பூட்டும் ஆட்களுக்கு டார்க் ரெஞ்ச் கொடுங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. 1915 உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்வேன்.

பில் நகல், ஆர்டர் திரைப் படம், பெயர்ந்த ரெயிலின் ஆறு படங்கள், பட்டறை மதிப்பீடு, உங்கள் குறிப்புத் தாளின் மூன்றாம் பக்கம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். உடைந்த இரண்டு கிளிப்புகளை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் நேரில் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்