ஐஆர்க்யூ அட்டவணையை ஒப்பிக்க வைக்காதீர்கள்

டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களில் கணினி வகுப்பு நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என்னைக் கவனி என்று ஒரு கருவி ப்ராசசருக்கு அனுப்பும் அழைப்புதான் இன்டரப்ட்; அதற்குரிய எண் ஐஆர்க்யூ. கீபோர்டுக்கு 1, முதல் சீரியல் போர்ட்டுக்கு 4, பிரின்டருக்கு 7 என்ற அட்டவணை உங்கள் பாடக்குறிப்பில் இன்னும் இருந்தால், அதற்கு ஒரு பக்கம் போதும். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினிக்கு அது சரி. இந்த அழைப்புகளை வாங்கி ப்ராசசருக்குச் சொல்லும் 8259 சில்லு இரண்டு, ஆளுக்கு 8 கம்பி. இரண்டையும் கோக்க ஒன்று போக மிச்சம் 15. சவுண்ட் கார்டும் பிரின்டர் போர்ட்டும் 7இல் மோதினால், கார்டில் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பியை மாற்றுவார்கள்.

இன்று பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு இன்டரப்ட் கம்பியே கிடையாது. இயங்குதளம் குறித்துக் கொடுத்த முகவரியில் ஒரு சிறு எண்ணை எழுதும், அவ்வளவுதான். இந்த முறைக்குப் பெயர் எம்எஸ்ஐ. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினியில் அப்படி எழுதியது ரேமுக்குப் போகாமல், ப்ராசசரின் ஒரு கோரில் இன்டரப்ட்டை வாங்கும் பகுதியான லோக்கல் ஏபிக்கில் போய்ச் சேரும். எந்த இன்டரப்ட் என்று கோர் அடையாளம் காணும் எண்ணுக்கு வெக்டர் என்று பெயர்; எந்த வெக்டர் என்பது எழுதிய அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். கோருக்கு 256 வெக்டர். முதல் 32 ப்ராசசரின் சொந்தத் தேவைக்கு. எம்எஸ்ஐ முறையில் ஒரு கருவி 32 வரை கேட்கலாம், அதன் விரிந்த வடிவமான எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை. என்விஎம்இ டிஸ்க் (பிசிஐ எக்ஸ்பிரஸில் இணையும் எஸ்எஸ்டி) பெரும்பாலும் கோருக்கு ஒன்று வாங்கிக்கொள்ளும்.

விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவில் 'ரிசோர்சஸ் பை டைப்' எடுத்தால் சில கருவிகளுக்கு மைனஸ் எண் தெரியும். மாணவர்கள் பழுது என்று பதறுவார்கள். அது எம்எஸ்ஐயின் அடையாளம். ஒரே எண்ணில் மூன்று கருவி இருந்தாலும் மோதல் அல்ல. பழைய பிசிஐயின் நான்கு கம்பிகளும் பங்கு போடவே வடிவமைக்கப்பட்டவை.

ஆனால் அந்தப் பங்கில்தான் உண்மையான பழுதும் வரும். லினக்ஸ் பதிவில் 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்' என்று வந்தால், அந்தக் கம்பியில் வந்த 1,00,000 இன்டரப்ட்டில் 99,900க்கு மேல் எந்த டிரைவரும் உரிமை கோரவில்லை என்று பொருள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அந்தக் கம்பியையே மூடிவிடும். கூட இருந்த யூஎஸ்பியோ நெட்வொர்க்கோ சேர்ந்து படுத்துவிடும். யார் யார் அந்த எண்ணில் என்று பாருங்கள், டிரைவரையும் பயாஸையும் புதுப்பியுங்கள், பிறகு கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். 'ஐஆர்க்யூபோல்' என்ற கெர்னல் விருப்பத்தைப் போட்டு ஓட்டுவது தற்காலிகம், கணினி மந்தமாகும்.

செய்முறைக்கு லினக்ஸில் 'ப்ராக்' அடைவின் 'இன்டரப்ட்ஸ்' கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இடப்பக்க எண் லினக்ஸ் வைத்துக்கொண்டது, வெக்டர் அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் குழம்புவார்கள். பெரிய கோப்பொன்றை நகலெடுத்தபடியே கோப்பை மறுபடி மறுபடி பார்த்தால், டிஸ்க்கின் வரியில் எந்தக் கோரின் கணக்கு ஏறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் தன்னார்வலர்கள், டர்பன்