வீட்டுக்கடன் சரி, பிளான் போடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்கடன் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை நானும் மனைவியும் சேர்ந்தே படித்தோம். வட்டி, தவணை, சிமெண்ட் விலை, கம்பி விலை எல்லாம் இருந்தது. அந்தப் பணத்தில் எழும்பப் போகிற வீட்டுக்கு பிளான் யார் போடுவது என்று ஒரு வரிகூட இல்லை. இதில் சூடுபட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

2011இல் காரிமங்கலத்தில் வீடு கட்டினேன். அப்ரூவலுக்கென்று ஒரு பிளான் வாங்கினோம், அது ஃபைலுக்குள் போய்விட்டது. மனையில் மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, "ஹால் இங்க, சமையல்கட்டு இங்க, போதுமாண்ணா?" என்றார். போதும் என்றேன். எங்கள் பக்கம் நிறைய வீடுகள் இப்படித்தான் எழும்புகின்றன. மேஸ்திரி நல்ல வேலைக்காரர், சுவரில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. அந்த வீட்டில் பத்து வருடம் கழித்து யார் எப்படி இருப்பார்கள் என்று யோசிப்பது அவர் வேலையில்லை. அதை யோசிக்கிற ஆளை நான் வைக்கவில்லை.

2019இல் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சக்கர நாற்காலிதான் என்று ஆகிவிட்டது. பாத்ரூம் கதவு இரண்டரை அடி, நிலைச்சட்டம் போக 25 அங்குலம். நாற்காலி 26. அந்த ஓர் அங்குலத்துக்காக நிலையைப் பெயர்த்து, டைல்ஸை உடைத்து, கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலுக்கு முட்டுக் கொடுத்து, பதினெட்டு நாள் வேலை. அத்தனை நாளும் அம்மாவை நானும் தம்பியும் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். தூக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

2022இல் தம்பி பக்கத்து மனையில் கட்டும்போது தருமபுரியில் ஓர் ஆர்க்கிடெக்டிடம் போனான். 27 லட்சம் செலவில் அவருக்குக் கொடுத்தது ஒன்றேகால் லட்சம். "படம் வரைய இவ்வளவா?" என்று கேட்டவன் நான்தான். அந்த அம்மையார் முதல் நாள் டேப்பையே எடுக்கவில்லை. துணி எங்கே காயப் போடுவீர்கள், பாட்டி எந்த அறையில் படுப்பார் என்றெல்லாம் கேட்டார். இன்னொரு நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து, மனையில் வெயில் விழுவதைப் பார்த்தபடி நின்றார். மேற்கே படுக்கையறை வேண்டாம், மாடிப்படியும் ஸ்டோர் ரூமும் இருக்கட்டும், வெயிலை அவை வாங்கிக்கொள்ளும் என்றார். ஏப்ரல் கடைசியில் நம் ஊரில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது, பிறகு ஆகஸ்ட் வரை வடக்கே சாய்ந்திருக்கிறது, அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். தூண், பீமுக்குக் கம்பிக் கணக்கைத் தனியாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வாங்கிக்கொடுத்தார். பிளான் மூன்று முறை மாறியது, மூன்றும் தாளிலேயே. பாத்ரூம் கதவு மூன்று அடி. சித்திரை வந்தால் அம்மா மதியத் தூக்கத்துக்குத் தம்பி வீட்டுக்குத்தான் போகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளான் வரைகிற எல்லோரையும் ஆர்க்கிடெக்ட் என்கிறோம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் கவுன்சிலின் இணையதளத்தில் நாமே சரிபார்க்க முடியும்.

2024 ஜூலையிலிருந்து, 2500 சதுர அடிக்குள்ளான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் யாரும் மனைக்கு வந்து பார்க்காமலே அனுமதி வருகிறது என்றால், பிளான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முழுக்க நம் பொறுப்பாகிவிடுகிறது. கட்டுகிறவருக்கு இப்போதுதான் விவரம் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆர்க்கிடெக்டுகள் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு பகுதியைத் தாங்கள் தொடங்க வேண்டும். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதிலிருந்து அது தொடங்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.