டார்செட் குடிசைகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தச் சட்டங்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைப் பற்றி எழுதியதில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் அவர் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் நிலம் வைத்திருந்த பெரிய நிலச்சுவான்தார் குடும்பத்துப் பிள்ளை என்பதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் வாழ்க்கையில் சிக்கலான இடமே அதுதான்.

1842-இல் வந்த சுரங்க விசாரணை அறிக்கையில் சில படங்கள் இருக்கும். இடுப்பில் பட்டை, அதில் மாட்டிய சங்கிலி கால்களுக்கு நடுவே போய் நிலக்கரி வண்டியை இழுக்கும், நிமிர வழியில்லாத பாதையில் பிள்ளைகள் நாலு காலில் தவழ்ந்து போவார்கள். இதை வைத்துத்தான் அவர் (அப்பா இறந்து ஷாஃப்ட்ஸ்பரி பட்டம் வரும்வரை அவர் பெயர் ஆஷ்லி பிரபு) பெண்களையும் சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். சிறுவர்களுக்குக் குறைந்தது 13 வயது ஆகவேண்டும் என்று கேட்டார், கிடைத்தது 10 தான். பிரபுக்கள் சபையில் கடுமையாக எதிர்த்த லண்டன்டெரியும் ஒரு பிரபுதான், நிலக்கரிச் சுரங்க முதலாளி.

ஆலைகளில் வேலை நேரத்தைக் குறைக்கவும் அவர் போராடினார். சரி, ஆலை முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஆலையைக் குறை சொல்லும் நீங்கள் உங்கள் டார்செட்டில் குடிசைகளில் வாழும் பண்ணைக் கூலியாட்களின் நிலையைப் பார்த்தீர்களா என்று, ராச்டேல் ஆலைக் குடும்பத்து ஜான் பிரைட் 1844-இல் நாடாளுமன்றத்திலேயே மடக்கினார். நியாயமான கேள்வி. நிலமெல்லாம் ஆஷ்லியின் அப்பா கையில் இருந்தது உண்மை, கிராமப்புற ஏழைகளின் நிலை பற்றிப் பேசியதற்கு அப்பாவின் கோபத்துக்கு ஆளானதும் உண்மை, இருந்தாலும் அந்தக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அதனால் என்ன ஆயிற்று? 1851-இல் அப்பா இறந்து, பட்டமும் நிலமும் கூடவே கடனும் வந்த பிறகுதான், மேலும் கடன்பட்டு, டார்செட்டில் உள்ள தன் ஊரான விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸில் அவர்களுக்கு வீடுகள் கட்டினார்.

அப்புறம், ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் நாளுக்குப் பத்து மணி நேரம்தான் வேலை என்ற 1847 பத்து மணி நேரச் சட்டம். அது நிறைவேறியபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவே இல்லை. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு உள்நாட்டு நிலக்காரர்களைக் காத்த தானியச் சட்டத்தைக் காப்பதாக டார்செட் வாக்காளர்களிடம் சொல்லி ஜெயித்தவர், மனம் மாறியதும் 1846-இல் பதவியை விட்டு விலகினார். இதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். மசோதாவைக் கரை சேர்த்தது டாட்மார்டன் ஆலை முதலாளி ஜான் ஃபீல்டன். அவர் பெயர் உங்கள் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த கட்டுரையிலாவது அவரையும் அந்த டார்செட் கூலியாட்களையும் சேர்த்து எழுதுங்கள், அந்தச் சுரங்கப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்