இணையவழிப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லுமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே அறிவிக்க வேண்டி, உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் உறுப்பினர்களுக்கும்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இப்போது எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்களுக்கு இயன்ற உதவியைச் செய்து வருகிறேன். அங்கே வருகிறவர்களில் பலர் பகலில் ஜவுளிக் கடையிலோ கணக்கர் அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள். திருமணத்துக்குப் பின் படிப்பை விட்ட பெண்களும் உண்டு. 'எந்தக் கல்லூரியில் சேரலாம்?' என்பது முன்பு அவர்கள் கேட்ட கேள்வி. 'இந்த ஆன்லைன் டிகிரி செல்லுமா சார், மொத்தம் எவ்வளவு ஆகும்?' என்பது இன்றைய கேள்வி. செல்லுமா என்பதில் ஒரு பாதிக்கு டெல்லியிலுள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இணையதளத்தில் விடை கிடைக்கிறது. மறுபாதிக்கான விடை தங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது. பல நேரங்களில் அங்கும் அது இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. அதனால்தான் இம்மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

யுஜிசியின் 2020ஆம் ஆண்டு திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்வி ஒழுங்குமுறைகள் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அவற்றின் அடிப்படைச் செய்தி, சேர்க்கை விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவரிடம் இதுவரை போய்ச் சேரவில்லை. அனுமதி என்பது ஒரு பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதன்று. இந்தப் பல்கலைக்கழகம், இந்தப் படிப்பை, இந்த முறையில், இந்தச் சேர்க்கைப் பருவத்திலிருந்து நடத்தலாம் என்றே அது தரப்படுகிறது. ஜனவரி–பிப்ரவரி, ஜூலை–ஆகஸ்ட் என ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைப் பருவங்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் பி.காம். அனுமதி பெற்றதாகவும் எம்.எஸ்சி. அனுமதி பெறாததாகவும் இருக்கக்கூடும். தொலைநிலையில் அனுமதி பெற்ற படிப்புக்கு இணையவழியில் அனுமதி இல்லாமலும் இருக்கலாம்.

விளம்பரங்களோ, உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் 'நாக்' அமைப்பின் 'ஏ பிளஸ் பிளஸ்' என்பதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. நான்குக்கு 3.51 முதல் 4 வரை மதிப்பெண் பெற்ற நிறுவனத்துக்குத் தரப்படும் அந்தத் தரநிலை மெய்யானதாகவே இருக்கலாம். ஆனால் அது நிறுவனத்துக்குரியது. இந்தப் படிப்பை இணையத்தில் நடத்தலாம் என்பதற்கான ஒப்புதல் அன்று. நல்ல தரநிலை, இணையவழிப் படிப்பு தொடங்குவதற்கான தகுதிகளில் ஒன்று, அவ்வளவே. படித்த பெற்றோர்கூட இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். விளம்பரம் எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

இணையத்தில் நடத்தவே கூடாத படிப்புகளின் பட்டியலும் நீளமானது: பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், பல் மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, வேளாண்மை, உணவக மேலாண்மை என்று அது போகிறது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற, துணைநிலை மருத்துவத் தொழில் சார்ந்த படிப்புகளும் அதில் சேர்ந்துவிட்டன. உளவியலில் சேரக் காத்திருந்த எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தமிழில் எட்டியிருக்கும்?

அனுமதியைச் சரிபார்க்காமல் சேர்ந்தவர்களின் நிலை என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. உரிய ஒப்புதல் இன்றிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் கையிலெடுத்தபோது, 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) நடத்தும் தேர்வை எழுதித் தேற வேண்டும் என்றும், அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லா என்றும் தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்து, பதவி உயர்வும் பெற்ற பின்னர் அவர்கள் அதை எதிர்கொண்டார்கள். நம் மாநிலத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டு வரை மட்டுமே அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. அந்தப் பிணக்கின் சட்ட நியாயங்களுக்குள் நான் போகவில்லை. பல பத்தாண்டுகளாக அஞ்சல்வழிக் கல்வி நடத்திய, ஊரறிந்த பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்தவரும் தம் பட்டத்தைக் குறித்து ஐயுற வேண்டி வந்தது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஆனாலும் இவை யுஜிசியின் பொறுப்பில் வருபவை. 2024 முதல் சேர்க்கைக்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் கிரெடிட் புள்ளிகளைப் பதிந்து வைக்கும் தம் 'ஏபிசி' கணக்கைக் கொண்டு யுஜிசி தளத்தில் 'டெப் ஐடி' என்ற அடையாள எண்ணை உருவாக்க வேண்டும் என்றாகியிருப்பதால், அனுமதியற்ற படிப்பில் தெரியாமல் போய் விழுவது ஓரளவு குறையலாம். தங்கள் துறையிடம் நான் கேட்க வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி.

அனுமதி பெற்ற நிறுவனங்கள் திறந்தநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு நிகரானவை என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்தது. இதைப் படிக்கும் மாணவர், இனி எந்தத் தடையும் இல்லை என்றே கருதுவார். நம் மாநில அரசுப் பணி என்று வரும்போது மேலும் இரண்டு கதவுகள் இருப்பது அவருக்குத் தெரியாது.

முதல் கதவு, படித்த வரிசை. முதற்பட்டம் இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியே பெற்ற முதுகலைப் பட்டம் பணித் தகுதிக்குச் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் மாநில அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கு. அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று வெளியான பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு பெறப்படும் திறந்தநிலைப் பட்டங்களையே அரசுப் பணிக்கு ஏற்கிறது. இந்த விதி தெளிவானது. அதில் எனக்குக் குறை இல்லை. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, பின்னர் வேறு வழியில் பட்டம் வரை வந்தவர்களுக்கு இதைச் சேர்க்கையின்போதே யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

இரண்டாவது கதவு, பட்டத்தின் பெயர். இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. இணையவழிப் படிப்புகள் பழைய பெயர்களில் வருவதில்லை. கணினி அறிவியல் என்றிருந்த இடத்தில் தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, கணினிப் பயன்பாடுகளுடன் கூடிய இன்னொன்று. வணிகவியலோடு நிதித் தொழில்நுட்பம், பகுப்பாய்வு என்று பல ஒட்டுகள். பணித் தேர்வு அறிவிக்கையில் 'கணினி அறிவியலில் பட்டம்' என்றிருந்தால், வேறு பெயர் கொண்ட பட்டத்தை வைத்திருப்பவர் அது அதற்கு இணையானது என்று காட்ட அரசாணை வேண்டும். அந்த இணைத்தன்மையை ஆராய்ந்து பரிந்துரைப்பது உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு. ஆணை வெளியிடுவது தங்கள் துறை. அந்த ஆணை, தேர்வு அறிவிக்கை வெளியான நாளிலோ அதற்கு முன்போ பிறப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அரசுப் பணியாளர் தேர்வாணையம். பின்னால் வரும் ஆணை அந்தத் தேர்வுக்கு உதவாது.

நடைமுறையில் இது எப்படி ஆகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒருவர் மூன்றாண்டு படிக்கிறார், தேர்வெழுதுகிறார், தரவரிசையிலும் வருகிறார். சான்றிதழ் சரிபார்ப்பில்தான் இணைத்தன்மை என்ற சொல்லை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். அதன்பின் பாடத்திட்ட நகலுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, மன்றத்துக்கு விண்ணப்பித்து, குழு கூடும் வரை காத்திருக்கிறார். விடை 'இணையானது' என்று வந்தாலும் அந்த வாய்ப்பு போய்விட்டது. 'இணையானதன்று' என்று வந்தால், கட்டிய பணமும் சேர்ந்து போய்விட்டது. இவற்றில் எதுவும் அந்த மாணவர் இழைத்த பிழையால் வந்ததன்று. அவர் சேர்ந்த நாளிலேயே பாடத்திட்டம் யுஜிசியிடம் இருந்தது. அதைப் பார்த்து அன்றே சொல்லியிருக்க முடியும்.

எனவே நான் கேட்பது ஒன்றே. யுஜிசி ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் அனுமதிப் பட்டியலை வெளியிட்டதும், அதில் நம் மாநிலத்தவர் சேரக்கூடிய படிப்புகளுள் பெயர் மாறுபட்டவற்றை இணைத்தன்மைக் குழு தானாகவே எடுத்து ஆராய்ந்து, எந்தப் பாடத்துக்கு இணை, எதற்கு இணையன்று என்பதைச் சேர்க்கை முடியும் முன்பே தமிழில் அறிவிக்க வேண்டும். இணையவழிப் படிப்புக்கு நில எல்லை இல்லை என்பதால் பட்டியல் பெரிதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் தொடங்கலாம்; வெளிமாநில நிறுவனங்கள் இங்கே மாணவர் சேர்க்க விரும்பினால் பாடத்திட்டத்தைத் தாங்களாகவே மன்றத்திடம் தரட்டும். தராதவற்றின் எதிரே 'இன்னும் ஆராயப்படவில்லை' என்று ஒரு வரி இருந்தால் போதும். அந்த ஒரு வரியே பலரை நின்று யோசிக்க வைக்கும். அந்தப் பட்டியலிலேயே, ஒரே நேரத்தில் நேரடி வகுப்பில் ஒன்றும் இணையத்தில் ஒன்றுமாக இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று 2022இல் யுஜிசி அனுமதித்ததை மாநிலப் பணித் தேர்வுகளில் எப்படிக் கொள்வார்கள் என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது. கல்லூரி மாணவர்கள் இப்போது அதிகம் கேட்பது அதைத்தான்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வணிகவியல் ஆசிரியனாக அதை விட்டுப்போக மனம் வரவில்லை. 'பருவத்துக்கு 15,000 ரூபாய் மட்டும்' என்று ஒரு விளம்பரம் வருகிறது என்று கொள்வோம். ஆறு பருவங்களுக்கு 90,000 என்பது கணக்கின் தொடக்கம்தான். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தவறிய தாளுக்கு அரியர் கட்டணம், செயல்திட்ட மதிப்பீடு, உரிய காலத்தில் முடிக்காவிட்டால் மறுபதிவு, தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் என ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து சேரும். ஒரே தளத்தில் நான்கைந்து பக்கங்களில் சிதறிக் கிடக்கும் இவற்றைக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். முழுப் பட்டத்துக்கும், ஒரு தாளும் தவறாமல் முடிப்பவருக்கு ஆகும் மொத்தத் தொகையை ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்று மாநிலப் பல்கலைக்கழகங்களையாவது தங்கள் துறை பணிக்கலாம்.

மலிவு எது என்பதையும் முழுதாகக் கணக்கிட வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒரு மாணவி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார். மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. தொலைதூரக் கல்வியில் சேர்வோருக்கு இந்த உதவி இல்லை. மூன்றாண்டில் 36,000 ரூபாய் வரவேண்டிய வீட்டில் அது வராமல் போவதும் அந்தப் படிப்பின் செலவுதான். பக்கத்திலேயே அரசுக் கல்லூரி இருக்க, 'வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்' என்ற ஒரே சொல்லை நம்பிப் பதினெட்டு வயதுப் பிள்ளையை இணையவழியில் சேர்க்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை நான் காகிதத்தில் எழுதிக் காட்டுவதுண்டு. இணையவழிக் கல்வியை நான் வேண்டாம் என்பவன் அல்லன். 2020இல் சென்னை ஐஐடி தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பில் குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. தேர்வுகளை நேரில் மையத்துக்கு வந்து எழுத வேண்டும். தகுதிநிலைப் பாடங்களைப் படித்துத் தேறிய பிறகே உள்ளே விடுகிறார்கள். கட்டணமும் கண்டிப்பும் இவ்வளவு வெளிப்படையாக இருந்தால் தேர்ந்தெடுப்பது எளிது.

இடைத்தரகர்கள் பற்றி மிகச் சுருக்கமாக. உரிமக் கிளை (ஃபிரான்சைஸ்) முறையில் படிப்பு நடத்த யுஜிசி விதிகள் இடம் தருவதில்லை. இருந்தும் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் 'அட்மிஷன் சென்டர்' பலகைகள் தொங்குகின்றன; பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போக வேண்டிய பணம் தனியார் கைபேசி எண்ணுக்குப் போகிறது. மாதத் தவணை என்று கையெழுத்து வாங்கி, கல்விக் கட்டணத்தைக் கடனாக மாற்றிவிடும் வழக்கமும் இருக்கிறது. படிப்பை விட்டாலும் தவணை நிற்பதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் தானாகவே எடுக்கப்படும் தானியங்கிப் பற்று முறையைத் தவிர்க்குமாறு ஒன்றிய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்தது. அதன் தமிழ் வடிவம் ஒவ்வொரு இ–சேவை மையத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டாமா?

'அங்கீகாரம் யுஜிசியின் வேலை, மாநிலத்துக்கு அதில் இடமில்லை' என்ற பதில் எனக்கு முன்பு வாய்மொழியாகக் கிடைத்திருக்கிறது. அங்கீகாரத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் மாநில அரசுப் பணிக்கு எந்தப் பட்டம் இணை என்று முடிவு செய்யும் அதிகாரம் வேறு எவரிடமும் இல்லை. அது தங்களிடமே இருக்கிறது, அதைத் தாங்கள் பயன்படுத்தியும் வருகிறீர்கள். எப்போது பயன்படுத்துவது என்பதை மட்டுமே மாற்றச் சொல்கிறேன். குழு செய்யப்போவது அதே ஆய்வு, பார்க்கப்போவது அதே பாடத்திட்டம். மூன்றாண்டு கழித்து ஒருவருக்காகச் செய்வதை மூன்றாண்டு முன்னதாக எல்லோருக்குமாகச் செய்ய வேண்டும்.

முதற்கட்டமாக, இதுவரை வெளியான இணைத்தன்மை அரசாணைகள் அனைத்தையும் பட்டப் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தமிழில் தேடக்கூடிய ஒரே பட்டியலாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். இதற்குப் புதிய குழுவோ நிதியோ தேவைப்படாது. அடுத்த ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கைக்கு முன் அது வந்துவிட்டால், மாவட்ட மைய நூலகங்களின் வாசகர் வட்டங்கள் அதை அச்செடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் பொறுப்பை ஏற்கும். எங்கள் நூலகத்தில் அதை நானே செய்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்