பெயர்ப்பலகை மாட்ட இடமில்லாத தர்மம்

கொழும்பில் கோயில் பரிபாலன சபைகளிலும் வர்த்தக சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டுக் காலி வீதி வழியே போகையில், நீங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் சர்பத் வாங்கிக் குடித்து வளர்ந்தவன் நான். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தலோடு நீங்கள் நிற்பதும் இல்லை. கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து வன்னிக் கிராமங்கள் வரை குழாய்க்கிணறு, நீர்த்தாங்கி, தண்ணீரின் உப்பை வடித்தெடுக்கும் ஆர்.ஓ. மெஷின், மலசலகூடம் என்று கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் உபயகாரர் பெயர் கல்லில் இருக்கிறது. இருக்கட்டும், அதில் பிழையில்லை. நான் கேட்க வந்தது வேறு. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீர், சுகாதாரம் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்.

ஆராய்ச்சியா, அது அரசாங்கத்தின் வேலை என்று சிலர் இந்த இடத்திலேயே மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முப்பது வருடம் ஆய்வுகூடத்தில் தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதித்தவன் சொல்கிறேன்.

கொழும்பு வடக்கில் ஒரு தோட்டம். நாற்பது குடும்பம், ஒரே வாசல். அங்கே ஓர் அமைப்பு நல்ல மனதோடு ஒரு நீர்த்தாங்கி வைத்துக் கொடுத்தது. பெயர் வேண்டாம். பளபளவென்று கறுப்புத் தாங்கி, இரும்புக் கால், நான்கு குழாய், திறப்பு விழா, பால்சோறு. ஆனால் தாங்கி வந்த பிறகும் சின்னப் பிள்ளைகளின் வயிற்றோட்டம் நிற்கவில்லை. இரண்டு பேருக்குச் செங்கண்மாரியும் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஒருவர் விடாப்பிடியாக எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாதிரி எடுப்பது பெரிய வித்தையில்லை, ஆனால் பொறுமை வேண்டும். கிருமி நீக்கிய போத்தலில் குளோரீனை முறிக்கும் தயோசல்பேட் ஒரு துளி இருக்கும். தண்ணீரில் குளோரீன் இருந்தால் அது வழியிலேயே கிருமியைக் கொன்று பொய் முடிவு தந்துவிடும் என்பதற்காக. ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, 100 மில்லிலீற்றரை மெல்லிய சவ்வொன்றில் வடித்து, 44 பாகையில் ஓர் இரவு வைக்க வேண்டும். மலத்திலிருந்து வந்த ஈ.கோலை என்ற கிருமி இருந்தால் மறுநாள் காலை புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தர நியமம்.

வீதியில் போகும் பெரிய குழாயில் எடுத்த தண்ணீர் சுத்தம். குளோரீனும் இருந்தது. அம்பத்தலையில் களனி கங்கைத் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்பியவர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். தாங்கியில் எடுத்ததில் குளோரீன் இல்லை. தட்டில் எண்ண முடியாத அளவு புள்ளிகள்.

காரணம் கண்டுபிடிக்க மூன்று தரம் போனோம். வீதியிலிருந்து தோட்டத்துக்குள் வரும் பைப், கழிவுநீர் ஓடும் கானுக்குள்ளேயே கிடந்தது. வெறும் குழாய்த் தண்ணீர் வந்த காலத்தில் அது அவ்வளவாகத் தெரியவில்லை, உள்ளே அழுத்தம் இருக்கும்வரை வெடிப்பு வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். தாங்கியை நிரப்ப ஒரு மோட்டரைப் பைப்போடு நேரே பூட்டியதும் கதை மாறிவிட்டது. மோட்டர் இழுக்கிற இழுவைக்கு அழுத்தம் தலைகீழாகி, அதே வெடிப்பு வழியாகக் கான் தண்ணீர் உள்ளே போனது. தர்மம் செய்த தாங்கிதான் கானை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்று அந்த அமைப்பிடம் சொன்னோம். “திறந்து வைத்தாயிற்று, இனி மாநகர சபை பார்க்கட்டும்” என்றார்கள். கடைசியில் தோட்டத்துப் பெண்களே காசு சேர்த்துப் பைப்பைக் கானுக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். நிலத்தில் ஒரு தொட்டி கட்டி, மோட்டர் அதிலிருந்து இழுக்கிற மாதிரி மாற்றினார்கள். அடுத்த மாதிரியில் புள்ளி இல்லை.

(வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கட்டடத்து மோட்டர் எதிலிருந்து இழுக்கிறது என்று இன்று போய்ப் பாருங்கள்.)

இப்படி எத்தனை தோட்டங்கள் இருக்கின்றன, எந்த மாதத்தில் மோசம், மழைக்கு முன்னா பின்னா என்று வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வை நான் வேலையில் இருந்தவரை காணவில்லை. அழுக்கு வந்த இடத்துக்கு ஓடினோம், பார்த்தோம், திரும்பினோம். தொடர்ந்து பார்க்கப் பணமில்லை. 2022 இல் டொலர் இல்லாமல் போனபோது, எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தூள் முடிந்து, இருந்த கடைசிப் போத்தலை எந்த மாதிரிக்குப் பாவிப்பது என்று சீட்டுப் போடாத குறையாக முடிவெடுத்தார்கள். நம் நாடு எல்லா விதமான ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான். அதற்குள் தண்ணீருக்கு எவ்வளவு மிஞ்சும்?

ஆராய்ச்சிக்குப் போட்ட பணம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஒரு ஜீவனி பக்கற் இருக்கும். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை உள்ளே இழுக்கும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். வயிற்றோட்டத்தின் நடுவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தை டாக்காவில் கொலராவுக்கென்றே இருந்த ஓர் ஆய்வுகூடம் 1968 இல் நோயாளிகளிடம் செய்து காட்டியது. 1971 இல் வங்காள அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, இந்தியாவின் பொங்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்த நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்த உப்பையும் குளுக்கோஸையும் டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. டாக்காவுக்குப் பணம் கொடுத்தவர்கள் யாருடைய பெயரும் அந்தப் பக்கற்றில் அச்சடித்திருக்காது.

அடுத்தது ஆர்.ஓ. மெஷின். இதை எழுதக் கொஞ்சம் தயக்கம், உங்களில் பலர் மனதார வாங்கிக் கொடுத்தது. வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து காணப்படும் சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்திலும் இருக்கிறது. கிணற்றின் புளோரைட்டா, கடினத் தன்மையா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, வெயிலில் உடல் வற்றுவதா, எல்லாம் சேர்ந்தா என்று இன்னும் வாதம் முடியவில்லை. வாதம் முடியாமலே நாம் மெஷின் வைத்தோம். வேறு வழியும் இருக்கவில்லை, மக்கள் இன்றைக்குக் குடிக்க வேண்டுமே. சரி. ஆனால் மெஷின் கழித்துவிடும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது? வடிப்பானை மாற்றவேண்டிய நாளை யார் பார்க்கிறார்கள்? அந்தத் தண்ணீரை ஐந்து வருடம் குடித்தவரின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது? நூறு மெஷின் கொடுக்கிற இடத்தில் தொண்ணூறு கொடுத்து, மிச்சப் பணத்தில் இதைப் பார்க்க ஆள் வைத்தால் அந்தத் தொண்ணூறும் உருப்படும்.

பார்ப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. 1963 இல் இலங்கை முழுவதும் மலேரியா 17 பேருக்குத்தான். அடங்கிவிட்டது என்று கை தளர்ந்தது. 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். பிறகு பல வருடம் இரத்தம் குத்திப் பார்த்து, நுளம்பு பிடித்துப் பார்த்து, எந்த மருந்துக்கு எந்த நுளம்பு சாகவில்லை என்று எழுதி வைத்து, 2016 இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

தனியார் கொடுத்து இதெல்லாம் நடக்குமா என்றால், பொரளைப் பக்கம் போகும்போது மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைப் பாருங்கள். 1900 ஆம் ஆண்டளவில் பக்டீரியா ஆய்வுகூடமாகத் தொடங்கிய அது, இந்த ஊர் டி சொய்சா குடும்பத்தின் கொடை. அங்கே வேலை செய்ய வந்த இத்தாலியர் அல்டோ கஸ்டெலானி, நம் ஊரில் பறங்கி நோய் என்று சொன்ன புண்ணின் கிருமியை 1905 இல் கண்டார். ஒரு குடும்பம் தன் பணத்தில் செய்ததை, செட்டியார் தெருத் தங்கத்தாலும் புறக்கோட்டை மொத்தக் கடைகளாலும் செய்ய முடியாதா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் படிப்புக்கு வரும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் தலைப்பு இருந்தும் காசில்லாமல் நிற்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு வருடம் போத்தலுக்கும் தூளுக்கும் போக்குவரத்துக்கும் கொடுங்கள். கொழும்பு வடக்குத் தோட்டங்களின் குழாயும் கானும் ஒரு தலைப்பு. வெள்ளத்துக்குப் பிறகு களனிக் கரையில் வரும் எலிக்காய்ச்சல் இன்னொன்று. யாழ்ப்பாணத்துக்குத்தான் கொடுப்போம் என்றால், சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே நைத்திரேற்று எப்படி ஓடுகிறது என்பதைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கிணறுதானே அது.

தலைப்பையும் ஆளையும் நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம், துறை தெரிந்த மூன்று பேரிடம் விடுங்கள். சொந்தக்காரப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். அப்புறம், இதுதான் எனக்கு முக்கியம், முடிவு உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் வெளியிட விட வேண்டும். நீங்கள் கட்டிய தாங்கியிலேயே புள்ளி முளைத்தாலும்தான். ஆங்கில அறிக்கையோடு தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம் எழுதி, மாதிரி எடுத்த தோட்டத்து மக்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீர், அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். பின்னேரமாக வைத்தால் வசதி, காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுகூடப் பணியாளர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13