ஆனி ஸ்மித்தின் பாட்டை விட்டுவிடாதே

அன்பு மகள் ஜெபாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். ஓய்வுநாள் ஆராதனையில் பாட்டு நடத்தும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றின பழைய பாட்டுகள் சோகமாக இருக்கின்றன, வாலிபப் பிள்ளைகள் பாட மாட்டேன் என்கிறார்கள், எடுத்துவிடட்டுமா என்று கேட்டாயே. போனில் பேசினால் பாதியில் நின்றுபோகும் என்றுதான் எழுதுகிறேன். எடுக்காதே அம்மா. அவற்றை எழுதினவர்கள் யார் என்று முதலில் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லு.

1844 அக்டோபர் 22 பற்றி உனக்குத் தெரியும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் பிரசங்கத்தால் எழும்பின கூட்டம் அன்று இயேசு வருவார் என்று காத்திருந்தது. உருளைக்கிழங்கைத் தோண்டாமல் வயலில் அப்படியே விட்டவர்களும் உண்டு. அவர் வரவில்லை. விடியும்வரை அழுதோம் என்று அவர்களில் ஒருவரான ஹைரம் எட்சன் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் அவர்கள் பாடின பாட்டெல்லாம் எக்காளச் சத்தம்தான். ஜேம்ஸ் ஒயிட் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிரசங்கி. கூட்டத்துக்குள் நுழையும்போதே வேதாகமத்தைக் கையால் தட்டித் தாளம் போட்டு, ஆண்டவர் வருவதைக் காண்பீர்கள் என்று பாடிக்கொண்டே நடந்துபோவாராம். இரைச்சல் போட வந்தவர்கள்கூட அடங்கிப்போவார்களாம்.

ஏமாந்த பிறகு என்ன பாடுவது? எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். 1845-ல் வில்லியம் ஹைட் என்ற வாலிபன் நோயிலிருந்து எழும்பி, 18 வயதுகூட நிரம்பாத எலன் ஹார்மன் (பின்னால் ஜேம்ஸ் ஒயிட்டை மணந்து எலன் ஒயிட் ஆனவர்) தான் தரிசனத்தில் கண்ட புதிய பூமியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, அந்த ஒளியுள்ள தேசத்தைப் பாட்டாக எழுதினான். 1849-ல் ஜேம்ஸ் ஒயிட் 53 பாட்டுகளைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் வார்த்தைகள் மட்டும்தான், ராகக்குறிப்பு கிடையாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ராகத்தில் பாடிக்கொள்ள வேண்டியதுதான். நம் சபைக்கு அப்போது பெயர்கூட இல்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்று பெயர் வைத்தது 1860-ல், முறையாக அமைந்தது 1863-ல்.

இனி ஆனி ஸ்மித். நியூ ஹாம்ப்ஷயரில் வெஸ்ட் வில்டன் ஊர்க்காரி, 1828-ல் பிறந்தவள். அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு வருகையைப் பற்றின ஆர்வம் விட்டுப்போய், படிப்பும் ஓவியமும் ஆசிரியர் வேலையுமாக இருந்தாள். தாய் ரெபெக்காளுக்கு அதுவே பாரம். பாஸ்டனில் நம் முன்னோடிப் பிரசங்கி ஜோசப் பேட்ஸ் நடத்தும் கூட்டத்துக்குப் போ என்று மகளுக்கு எழுதினாள். முந்தின இரவு ஆனி ஒரு கனவு கண்டாள்: தான் பிந்திப் போகிறாள், உயரமான ஒருவர் தீர்க்கதரிசன விளக்கப்படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். பேட்ஸும் ஒரு பெண் பிந்தி வருவதாகக் கனவு கண்டிருந்தார். மறுநாள் அவள் வழி தப்பி, பிந்தித்தான் போய்ச் சேர்ந்தாள். சில வாரங்களில் அவளுடைய கவிதை, ஜேம்ஸ் ஒயிட் நடத்தின ரிவியூ பத்திரிகைக்குப் போனது. அதைப் பார்த்த அவர், பத்திரிகை வேலைக்கு வா என்று கூப்பிட்டார். கண் சரியில்லை என்று எழுதினாள். இருந்தாலும் வா என்றார். போனாள், அவர்கள் ஜெபித்தார்கள், கண் தெளிந்தது.

1852-ல் அந்தப் பத்திரிகையின் அச்சகம் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்கு வந்தது. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும்தான். முதல் புத்தகங்களை மடித்து, குத்தூசியால் துளைபோட்டுக் கையால் தைத்தார்கள். ஓரம் வெட்ட இயந்திரம் இல்லாததால் அவளுடைய தம்பி யூரியா தன் பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தார், கை கொப்பளித்துப்போனது. சிறுவயதிலேயே ஒரு காலை இழந்தவர் அவர். 'சகோதரனே, உண்மையாயிரு' என்று பாட்டு எழுதினவரும் அவர்தான். அதைப் பாடும்போது இதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

ராச்செஸ்டரில் அவர்கள் தங்கியிருந்த அந்த வீட்டில் ஆனிக்குக் காசநோய் பிடித்தது. 1854 நவம்பரில் தாயிடம் திரும்பினாள். படுக்கையில் இருந்தபடியே கடைசிப் புத்தகத்துக்கான கவிதைகளை முடித்தாள். தாயின் தோட்டத்துப் பியோனிப் பூவை யூரியா மரக்கட்டையில் செதுக்கி அந்தப் புத்தகத்தில் சேர்த்தார். 1855 ஜூலை 26 அன்று இறந்தாள். 27 வயது. நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை நீ, அதனால் இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. 1871-ல் ரெபெக்காள் மகளுடைய வாழ்க்கைக் குறிப்போடு அவள் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டாள். 16 வருஷம் கழித்தும் அந்தத் தாய் விடவில்லை.

நீ எடுத்துவிடப் பார்க்கிற 'வீடு எவ்வளவு தூரம்' அவள் பாட்டுதான். ஏசாயா 21-ல் 'ஜாமக்காரனே, இரவு எவ்வளவு சென்றது' என்று கேட்கிறார்களே, அதே கேள்வியை ஆனி முதலில் காவற்காரனிடமும், பிறகு போர்க்களத்தில் நிற்கிற வீரனிடமும், அதற்குப் பிறகு பூமியிடமும் கடலிடமும் சூரியனிடமும் கேட்கிறாள். ஒருவரும் தேதி சொல்வதில்லை, பார்த்தாயா? சமீபம் என்கிறார்கள், அவ்வளவே. ஒரு தேதியை நம்பி அழுத சனங்களுக்கு எழுதினது அது. சோகம் அதில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கடைசிச் சரணம் துக்கப்படுகிறவனின் கண்ணீரைத் துடைக்கிறது. உன் பிள்ளைகள் முதல் சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எலன் ஒயிட்டின் அக்காள் மகன் ஃபிராங்க்ளின் பெல்டன் அடுத்த தலைமுறை. பிரசங்கம் நடக்கும்போதே அதற்கேற்ற பாட்டை எழுதி, முடிந்ததும் மனைவியோடு நின்று பாடிவிடுவாராம். அவருடைய பாட்டுகளில் துள்ளல் அதிகம், வாலிபர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். எஜமான் வரும் நாழிகையை அறியோம் என்று அவர் எழுதினதை நீ சின்ன வயதிலேயே பாடினாய். பெல்டனை முதலில் பாடவை, சபை சூடேறட்டும். அதற்குப் பிறகு ஆனியை எடு. நான்கு சரணமும் பாடவேண்டும், இரண்டாவதை விட்டுவிடாதே. பியானோ வாசிக்கிற தம்பியிடம் இழுக்காமல் நடையாக வாசிக்கச் சொல்லு. நம் ஆட்கள் இந்தப் பாட்டை இழுத்து இழுத்தே அழுகைப் பாட்டாக்கிவிட்டார்கள்.

அப்பா ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார். பாடின பிறகு பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா